பதினெட்டு நாள் சீசன்

2019 மே 22. தூத்துக்குடிக்காரர்களிடம் மே 22 என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து அன்றோடு ஓராண்டு. 13 உயிர்கள். அவர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண் பிள்ளையும் உண்டு. முதலாண்டு நினைவு நாளில் ஊருக்குள் எங்கு திரும்பினாலும் காக்கி. மெழுகுவர்த்தி ஏற்றக்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

அதே நாளில் இங்கிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பஞ்சாபின் லூதியானாவில் உள்ள குருநானக் மைதானத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி ஒன்று இந்தியாவின் கால்பந்துச் சாம்பியன் ஆனது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் முறை.

எனக்கு இது தெரிய வந்தது பல நாள் கழித்து. மறுநாள் மே 23 மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. அன்றைய நாளிதழ்கள் யார் ஆட்சி என்று காத்திருந்தன, அதற்கடுத்த நாள் நாளிதழ்கள் யார் ஆட்சி என்று சொல்லின. இடையில் லூதியானாவுக்கு எங்கே இடம்? ஊடகத்தை மட்டும் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் அன்று துக்கத்தைத் தவிர வேறொன்றைப் பார்க்கக் கண் இல்லை.

ஆனால் பிறகு அந்த சீசனைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது என்னை நிறுத்தியது கோப்பை அல்ல, ஒரு கணக்கு. தொடர் தொடங்கியது மே 5, முடிந்தது மே 22. மொத்தம் 18 நாள். 12 அணிகள், இரண்டு பிரிவு. சாம்பியன் ஆக வேண்டுமென்றால் பிரிவில் ஐந்து ஆட்டம், பிறகு அரையிறுதி, இறுதி என்று ஏழு ஆட்டம். மே மாதப் பஞ்சாப் வெயிலில், ஒரே ஊரில், இரண்டு மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். இதற்குப் பெயர் தேசிய லீக். இதுதான் ஓராண்டுக்கான சீசன்.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அதே 2018-19இல் ஆண்களுக்கான ஐ-லீக்கையும் தமிழ்நாட்டு அணிதான் வென்றது. கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. அந்தத் தொடர் அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் 9 வரை போனது. ஒவ்வொரு அணிக்கும் 20 ஆட்டம், பாதி சொந்த ஊரில். கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபைக் கோவையிலேயே, சொந்த ரசிகர்கள் முன்னால் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். ஸ்கோர் அங்கேயும் 3-1. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஒரே விளையாட்டு. ஒரு தரப்புக்கு நாலரை மாதம், இன்னொரு தரப்புக்கு 18 நாள். ஒரு தரப்புக்கு வீட்டு வாசலில் ஆட்டம். இன்னொரு தரப்பு ஜெயித்ததை அம்மாவிடம் போனில்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு 'சீசன்' என்ற சொல் புதிதல்ல. எங்கள் ஊரின் பேரே உலகத்துக்குத் தெரிந்தது ஒரு சீசனால்தான். முத்துக்குளிப்பு. அதைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அதன் கணக்கைப் பேசுவதில்லை. கடலுக்கு அடியில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்து, குளிக்கலாம் என்று அறிவிப்பது அரசு. போர்த்துகீசியர் காலத்திலும் டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அதிகாரம் அரசிடம்தான். அறிவித்தால் சில வாரம் வேலை. கரைக்கு வந்த சிப்பியை மூன்று பங்காகக் குவிப்பார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூச்சடக்கி மூழ்கியவனுக்கு. அடுத்த குளிப்பு அடுத்த வருடமும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம். கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பிறகு அரசு அறிவிக்கவில்லை, சீசன் வரவில்லை.

(முத்துக்குளித்தவர்கள் தலித்துகள் அல்லர், பெரும்பாலும் பரதவரும் கீழக்கரைப் பக்கத்து இஸ்லாமியரும் என்பது எனக்குத் தெரியும். எல்லா வலியையும் நம் கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. நான் சொல்வது இந்தக் கரையின் பொருளாதாரத்தைப் பற்றி.)

நம் மக்கள் பெருமளவில் இருக்கும் இடம் உப்பளம். அதுவும் சீசன்தான். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளையும் மாவட்டம் இது. விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும்வரை உப்பு வாரி, அம்பாரத்துக்குச் சுமப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் காலும் அந்தக் கண்ணும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற உப்பு விளையும், மே மாதம் உச்சம். மழை இறங்கிவிட்டால் பாத்தியில் தண்ணீர், அடுப்பிலும் தண்ணீர்.

முள்ளக்காடு பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் ஒருநாள் சேது அணியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய பேத்தி தெருப் பையன்களோடு பந்து உதைக்கிறாள் என்பதால் பேச்சு அங்கே போனது. கோப்பையைச் சொன்னேன், மணிப்பூரைச் சொன்னேன், லூதியானாவைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது இது:

"பதினெட்டு நாளுதானா தம்பி? அப்போ மிச்ச நாளைக்கு அதுகளுக்குக் கஞ்சிக்கு என்ன வழி?"

கால்பந்துச் சம்மேளனத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வருடக்கணக்கில் கேட்காத கேள்வி அது. அதற்கு விடை வேண்டுமென்றால் அந்தத் தொடரின் அணிப் பட்டியலைப் படித்தாலே போதும். இறுதியில் சேது எதிர்கொண்டது மணிப்பூர் போலீஸ். அரையிறுதியில் எஸ்.எஸ்.பி., அதாவது நேபாள எல்லையைக் காக்கும் துணை ராணுவப் படையின் அணி. சேதுவின் நடுக்களத்தில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது அவர் சென்னைத் தெருவில் சீருடையில் நின்று பணி செய்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பந்து உதைத்து வயிறு வளர்க்க முடியாது. பந்து உதைத்துக் காக்கி வாங்கலாம், காக்கி வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் பெண்கள் கால்பந்து இத்தனை காலம் உயிரோடு இருந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. மே 22 அன்று எங்கள் ஊரில் காக்கி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கையும் 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயம் இல்லை என்றது. ஆனால் அதே காக்கிதான் ஒரு மீனவக் கிராமத்துப் பெண்ணுக்கும், ஒரு சேரிப் பெண்ணுக்கும், ஒரு மணிப்பூர் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கும் கிடைக்கக்கூடிய ஒரே நிரந்தரச் சம்பளமாக இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பார்த்து நீ ஏன் அந்த உடுப்பைப் போட்டாய் என்று கேட்க எனக்கு வாய் வராது. வேறு உடுப்பை நாம் அவளுக்குத் தைத்து வைத்திருக்கிறோமா?

சேது அணியின் கதையைக் கடலூர் இல்லாமல் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்தக் கரையைத் துடைத்துப் போட்டதற்குப் பிறகு, மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பாதிக்கப்பட்ட பிள்ளைகளையும் விடுதிப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு இழுத்து வந்தார். தேசிய அணிவரை போன தமிழ்நாட்டுப் பெண்களில் ஒரு வரிசையே அங்கிருந்து வந்தது. இந்துமதி அங்கே. 2019 லீக்கில் சிறந்த வீராங்கனை விருது பெற்ற சந்தியா ரங்கநாதனும் அங்கே. அரசு விடுதியில் தங்கிப் படித்த பெண் அவர். அரசு விடுதி என்றால் என்னவென்று நம்மில் பலருக்குச் சொல்ல வேண்டாம், அந்தத் தட்டும் அந்தச் சாம்பாரும் நமக்குத் தெரியும். அந்தச் சாம்பாரில் வளர்ந்த கால்கள்தான் லூதியானாவில் ஓடின.

சேதுவின் கோப்பைக்கு ஓராண்டு முன்னதாகவே அறிகுறி தெரிந்தது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியச் சீனியர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகப் பட்டம் எடுத்தது. அதுவரை அந்தப் போட்டி ஏறக்குறைய மணிப்பூரின் வீட்டுச் சொத்து. அந்தக் கட்டாக் அணியின் தொடர்ச்சிதான் சேது என்று சொன்னால் தவறாகாது. கூடவே நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரியை அழைத்து வந்தார்கள். லம்ஜுங் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். பிறகு இஸ்ரேல், பிரான்ஸ் என்று கிளப்புகளுக்கு ஆடப் போனார். சீனி மொகைதீன் என்ற தனிமனிதரின் பிடிவாதம் பின்னால் இல்லையென்றால் இவர்கள் ஒரே சட்டையைப் போட்டிருக்க மாட்டார்கள். பெரிய கம்பெனி விளம்பரம் எதுவும் தூக்கி நிறுத்திய அணி இல்லை அது.

இவர்களில் யார் என்ன சாதி? இந்தக் கேள்வி எனக்கு வரும் என்று தெரியும், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேடவில்லை, தேட மாட்டேன். 2016இல் பி.வி. சிந்து ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது கூகுளில் நம் நாட்டவர் ஓடி ஓடித் தேடியது அவருடைய சாதியைத்தான். அந்த வேலையை நாமும் செய்ய வேண்டாம். ஆடுகிறவளின் சாதியைவிட, ஆட முடியாமல் போனவளின் சாதிதான் என் கேள்வி. மைதானம் யாருடையது, ஓய்வு யாருடையது, தோற்றால் யாரை அடிப்பார்கள், ஜெயித்தால் யாரை வெட்டுவார்கள் என்பது என் கேள்வி.

ஜெயித்தால் வெட்டுவார்களா என்று கேட்காதீர்கள். 2025 மார்ச்சில், இதே தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவனை இழுத்துப் போட்டு வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இதே மாவட்டத்து மணத்தி கணேசன் கபடியில் ஆசியத் தங்கமும் அர்ஜுனா விருதும் வாங்கி முப்பது வருடத்துக்குப் பிறகு. அவர் கதையை அடிப்படையாக வைத்து மாரி செல்வராஜ் 'பைசன்' எடுத்ததும் அதே 2025இல்தான். திரையரங்கில் கைதட்டினோம். அந்தப் பையனின் கையைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

பெண்ணாகவும் இருந்துவிட்டால் இது இரட்டிப்பு. 2021 ஆகஸ்டில் டோக்கியோ அரையிறுதியில் இந்திய ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, ஹரித்வார் பக்கத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்திய ஹாக்கி வீராங்கனை ஆகியிருந்தார் அவர். நம் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹாவில் 800 மீட்டரில் வாங்கிய வெள்ளியைப் பாலினச் சோதனை என்று சொல்லிப் பிடுங்கினார்கள். செங்கல் சூளைக் கூலிகளின் மகள், சில வருடம் கழித்து அதே சூளைக்குக் கூலி வேலைக்குப் போக நேர்ந்தது. சம்மேளனங்கள் அவருக்காக ஒரு வழக்கறிஞரைக்கூட வைக்கவில்லை.

ஓய்வு என்று சொன்னேன். விளையாட்டுக்கு முதல் தேவை பந்து அல்ல, ஓய்வு நாள். அந்த வகையில் தூத்துக்குடிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1908 பிப்ரவரி 27 அன்று ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். கோரிக்கைப் பட்டியலைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. கூலி உயர்வோடு வார விடுமுறையும் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லாமல் உழைத்தவர்கள் ஒரு நாளைக் கேட்டார்கள், வாங்கினார்கள். இந்த ஊரில் ஞாயிறு சாயங்காலம் தருவை மைதானத்தில் பந்து உதைக்கும் ஒவ்வொரு பையனும் அந்த வேலைநிறுத்தத்துக்குக் கடன்பட்டவன் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெண் பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. வீட்டு வேலைக்கு ஞாயிறு கிடையாது, ஞாயிறு வேலை இரட்டிப்பு.

இங்கிலாந்திலும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பிரஸ்டன் நகரின் டிக் கெர் ஆலையில் குண்டு செய்த தொழிலாளிப் பெண்கள் இடைவேளையில் பந்து உதைத்து, அணி சேர்த்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த வருடம் டிசம்பரிலேயே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத விளையாட்டு என்று சொல்லித் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. மூடிய கதவு ஐம்பது வருடம் மூடியே இருந்தது. கவனியுங்கள், ஆடாதே என்று அவர்கள் சட்டம் போடவில்லை. மைதானம் தர மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஊர்ப் பொது மைதானம் எந்தத் தெருவை ஒட்டி இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.

இந்தியாவில் மூடக்கூட இல்லை, மறந்துவிட்டார்கள். பெண்கள் தனிச் சம்மேளனம் வைத்து 1970களிலேயே ஆடினார்கள். ஆசியக் கோப்பையில் இரண்டு முறை இரண்டாம் இடம் பிடித்தார்கள். அப்படியும் தேசியக் கிளப் லீக் ஒன்று வர 2016-17 ஆனது. முதல் வருடம் ஆறு அணி, தமிழ்நாட்டிலிருந்து ஜேப்பியார் நிறுவனத்தின் அணி. அடுத்த வருடம் சேது வந்தது. அதற்கடுத்த வருடம் லூதியானா.

பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. 2021-22 லீக்கின் கடைசி நாளில் புவனேஸ்வரத்தில் சேது கோகுலம் கேரளாவிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்று தமிழ்நாடு தேசியப் பட்டத்தை மீண்டும் எடுத்தது. 2023-24 முதல் லீக் ஒரே ஊரில் நடக்கும் திருவிழாவாக இல்லாமல் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி நடக்கும்படி ஆனது. முதல்நிலை லீக் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச ஊதியத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று சம்மேளனம் 2023இல் அறிவித்தது. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பத்தில் வராத பதினோராவது ஆளுக்கு என்ன என்று அறிவிப்பில் இல்லை.

இந்தக் கணக்கையும் அந்த உப்பள அக்காவிடம் போய்ச் சொன்னேன். அது அக்டோபர் மாதம், பாத்தியில் தண்ணீர் நின்றது. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு அட்டையைப் புதுப்பிக்க அவர் நலவாரிய அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேத்தி திண்ணையில் உட்கார்ந்து பந்தின் பிய்ந்த தையலைச் சணல் ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"லீக்கு இல்லாத மாசத்துக்கு அந்தப் புள்ளைகளுக்கு இப்படி ஏதும் குடுக்காவளா தம்பி?" என்று கேட்டார்.

இல்லை அக்கா என்றேன். அவர் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மழை வருமுன் போய்விடலாம் என்று நடந்தார்.